சட்டைக்கு நாடி இல்லை

காலையில் நம் மலர் அந்த டப்பாவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. பாலை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு அது உங்கள் முதுகு வாசனை. இப்போது நம் மகள் அதே பஞ்சை வைத்துக்கொண்டு என் முதுகைக் கேட்கிறாள். பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவள் சென்னையில் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் சித்திரை வெயிலில் லீவுக்கு வந்தாளே, நினைவிருக்கிறதா? வெங்காயத் தோல்போல ஒரு சவ்வைக் காகிதத்தில் கொண்டுவந்தாள். அதற்குள் முடியைவிட மெல்லிய கம்பிகள், பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து. பபிள்கம் படத்தைப் பிள்ளைகள் நனைத்துக் கையில் ஒட்டுவார்களே, அதேபோல ஒட்ட வேண்டுமாம். உடம்புச் சூட்டையும் நாடியையும் போனில் காட்டுமாம்.

"தட்டையா இருந்தா யார் வேணா ஒட்டலாம்பா. உடம்புல எந்த இடம் தட்டையா இருக்கு? வளைவுல ஒட்டணும், வேர்வையில நிக்கணும்" என்றாள்.

"கரண்டு கிரண்டு அடிக்காதாடி?" என்று கேட்டேன்.

"மைன்ஸ்ல அடிக்காத கரண்டா வூட்டுல அடிக்கப்போவுது? நீ ஒட்டு பாப்பா" என்று சட்டையைக் கழற்றினீர்கள்.

நேராக நிற்கவைத்து ஒட்டினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தீர்கள், கிழிந்துவிட்டது. அவள் இன்னொன்றை எடுத்தாள். "வேலையில எப்படிக் குனிவீங்களோ அப்படியே குனிங்கப்பா. தோல் விரிஞ்சி இருக்கறப்ப ஒட்டிட்டா, நிமிந்தா லேசா சுருங்கும். கிழியாது."

கூடத்து நடுவில் குனிந்தீர்கள். இடது காலை முன்னால் வைத்து, இல்லாத மண்வெட்டியைப் பிடித்து, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக்கிடக்கும் கரியை வாருவதுபோல. இத்தனை வருஷம் சோறு கட்டிக் கொடுத்தவள், நீங்கள் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எலும்பெல்லாம் தெரிந்தது. "ஷிப்டு முழுக்க இப்படியேவா?" என்றேன். "நடுவுல டீ குடிப்போம்ல" என்றீர்கள்.

அவள் ஊருக்குப் போன பிறகு ஒட்டுவது என் வேலையானது. ஸ்பிரிட் பஞ்சால் முதுகைத் துடைத்து, சவ்வை நனைத்து, நடுவில் அழுத்தி, ஓரத்துக்குத் தள்ளி, காகிதத்தை உரிக்க வேண்டும். உங்கள் போனிலிருந்து என் போனுக்குப் பச்சைக் கோடு வரும், துள்ளித் துள்ளி. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு அதுவே பயமாகிவிட்டது. அது கொஞ்சம் தயங்கினால் அடுப்பை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு எத்தனை முறை அடிபிடித்தது, திட்டிக்கொண்டே தின்றீர்கள்.

ஒருநாள் கோடு படுத்துவிட்டது. போன் போட்டால் நீங்கள் எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்து மைன்ஸ் கேட்டுக்கு வந்தேன். ஷிப்டு முடிந்து வந்த கும்பலில் கரிமுகத்தோடு நீங்கள்.

"இன்னா, இங்க வந்துகினு நிக்கிற?"

போனை நீட்டினேன். நீங்கள் சட்டையைத் தூக்கிப் பார்த்தீர்கள். சவ்வு முதுகில் இல்லை, சட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. "சட்டைக்கு எங்கடி இருக்கு நாடி? அது செத்துதான் கெடக்கும்" என்று சிரித்தீர்கள். கூட வந்தவர் ஒருவர், "அண்ணி, சட்டைக்குக் காரியம் எப்போ? சொல்லி அனுப்புங்க" என்றார். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை உங்கள் கையை விடவில்லை.

நீங்கள் போன அன்றைக்கு ஒட்டவில்லை. "இன்னைக்கு லீவு. முதுகுக்கும் லீவு குடு" என்று சொல்லி, நிச்சயதார்த்தம் ஒன்றுக்குக் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினீர்கள். திரும்பும்போது, நெஞ்சு நின்றுபோன உங்களை வேனில் கொண்டுவந்தார்கள். பார்க்கக் கோடு இல்லாததால் அன்றைக்கு ஒருநாள்தான் பயமில்லாமல் மத்தியானம் தூங்கினேன். ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மலரிடம் இன்றுவரை கேட்கவில்லை. அவள் என்ன பதில் சொன்னாலும் என்னால் தாங்க முடியாது.

இப்போது என் நெஞ்சு நடுநடுவே ஒரு துடிப்பை விட்டுவிடுகிறதாம், டாக்டர் சொல்கிறார். அதனால்தான் இந்த டப்பா. கரண்டுக்கு நான் பயப்படவில்லை. சென்னையில் உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அதற்குத்தான். என் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டால் அவள் எந்தக் கேட்டுக்கு ஓடுவாள்?

"வேணாம்மா. அந்தப் பயம் ஒனக்கு வேணாம்" என்றேன்.

"அப்பா போன அன்னைக்கு எங்கிட்ட பாக்க ஒண்ணுமே இல்லம்மா. பயந்துக்கக்கூட எனக்கு நேரம் கெடைக்கல" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "வீட்டுல எப்படிக் குனிவியோ அப்படிக் குனி" என்றாள்.

பெருக்குவதுபோலக் குனிந்தேன். என் இடது கால் தானாக முன்னால் போய் நின்றது.

நடுவில் அழுத்தி ஓரத்துக்குத் தள்ளினாள். அவள் கை சில்லென்றிருந்தது. மத்தியானம் அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். முதுகில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை, நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஆனாலும் வாசல் பெருக்கும்போது மெல்லத்தான் குனிகிறேன். நடுநடுவே கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகிலேயே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.