fly; என்றால் கடல்

என் மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. போன திங்கட்கிழமை மீனவர் சங்கக் கந்தோரில் செயலாளர் அந்தோனி அண்ணன் கையில் தந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "தங்கச்சி, இதை ஒருக்காப் பாரும். புதுக் கொம்பியூட்டர் வந்ததில இருந்து எல்லாத்தையும் இங்கிலீசில அடிக்குது." பழைய சுற்றறிக்கை ஒன்றை எடுத்து அச்சடித்திருந்தார். அந்தக் காலத்து எழுத்துரு புதுக் கணினியில் இல்லை. தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. இரண்டாம் வரியில் fly; என்று கண்டதும் யோசிக்காமலே "கடல்" என்று வாசித்துவிட்டேன். "எங்க கடல்?" என்று கேட்டு, தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார் மனுசன். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன், கூடச் சிரிக்க நீர் இல்லை.

நாம் இருவரும் தட்டச்சு நிலையத்தில் வேலை செய்த நாட்களில் கணினித் தமிழ் அப்படித்தான் இருந்தது. f தட்டினால் க, l தட்டினால் ட, y தட்டினால் ல. அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி. எழுத்துரு இருக்கிற கணினியில் அது கடல்; இல்லாத கணினியில் fly;. கல்யாணக் கார்ட்டும் பாடசாலை வினாத்தாளும் அடித்து அடித்து, எழுத்துரு இல்லாமலே வாசிக்கப் பழகிவிட்டோம். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்றார்.

நீர் குறிஞ்சாக்கேணியிலிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் வருவீர். நான் துறைமுகப் பக்கத்திலிருந்து நடந்து வருவேன். ஒரே வயது. முதல் நாளிலேயே நான் உம்மை நீர் என்று கூப்பிடத் தொடங்கினேன், எங்கள் வீட்டுப் பழக்கம் அது. நீர் என்னைக் கடைசி வரைக்கும் "நீங்க" என்றுதான் சொன்னீர். கோபம் வந்தால் மட்டும் உமது வாயிலும் "நீர்" வரும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது இரண்டு தரம்தான் வந்தது. முதலாவது முதலாளிக்கு முன்னால் உம்முடைய கணக்கொன்றை நான் பிழை என்று சொன்னபோது. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு யாரும் புரோகிராம் சொல்லித்தரவில்லை. உலாவியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் மூல நிரலைப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தவர் நீர். பின்னேரம் வாடிக்கையாளர் குறைந்ததும் யார் யாரோ செய்த பக்கங்களைத் திறந்து, உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வரி வரியாக வாசித்தோம். "ஆரிட்டயும் கேக்கத் தேவையில்ல பாருங்க. குசினிக் கதவைத் திறந்து வச்சிட்டுச் சமைக்கிற ஆக்கள் இவங்க" என்றீர். நான் அதை ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீர் அதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டீர் என்று விளங்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து தரும்படி அந்தோனி அண்ணன் கேட்டபோது நாம் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். அன்றைய காற்று எந்தப் பக்கம், அலை எப்படி, படகு இறக்கலாமா, ஐஸ் எத்தனை மணிக்கு வரும். அவ்வளவுதான். கட்டைபறிச்சானில் இருந்து தொழிலுக்குப் போகிறவர்களும் அதைப் பார்ப்பார்கள். காலையில் அந்தோனி அண்ணன் சொல்வதைக் கேட்டு நீர் சாதாரண எழுத்துத் தொகுப்பானில் ஒரு வரியை மாற்றி ஏற்றுவீர். வேறு ஒரு கருவியும் கிடையாது.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. போனில் அந்த எழுத்துரு இல்லை. படகு வைத்திருக்கிற சம்மாட்டிமார் போன் எடுத்து, "பிள்ளை, காத்தைக் காணேல்ல, ஏதோ பிளை எண்டு கிடக்கு" என்று சொல்லத் தொடங்கினார்கள். யுனிகோடுக்கு மாற்றினால்தான் எந்தப் போனிலும் எந்த ஊரிலும் தமிழ் தமிழாகத் தெரியும் என்றீர். கையால் மாற்றுவோம் என்றீர். நான் கேட்கவில்லை. அரை நாளில் ஒரு மாற்றி எழுதினேன். f கண்டால் க, அரைப்புள்ளி கண்டால் மெய்ப்புள்ளி. பெருமையோடு முழுக் கோப்பின் மேலும் ஓடவிட்டேன். தமிழ் எது, நிரல் எது என்று பிரிக்க வேண்டும் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. நிரலின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருந்த அரைப்புள்ளிகள் எல்லாம் தமிழ்ப் புள்ளிகளாகிவிட்டன. பக்கம் வெள்ளையாக நின்றது. பிரதியும் எடுத்து வைக்கவில்லை.

நீர் திரையைப் பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தீர். "நிரலுக்கும் புள்ளி வச்சிட்டீங்களே! இனி அதுவும் தமிழ் கதைக்கும்." பிறகு இரண்டு நாள் இருந்து, பழைய அச்சுத்தாள் ஒன்றைப் பார்த்துக் கையால் எல்லாவற்றையும் திரும்ப அடித்தீர். அதில் ஒரு வரியைக்கூட என்னை அடிக்க விடவில்லை.

அந்த விளையாட்டில் இருந்துதான் எங்கள் வழக்கம் தொடங்கியது. பக்கத்தில் தெரியாமல் மூலத்தில் மட்டும் இருக்கிற குறிப்புகளை நாம் பழைய முறையிலேயே எழுதினோம். வேலைக் கதையைப் போனில் கதைப்பதில்லை என்று நீர் சட்டம் போட்டீர். போனில் சொன்னது காற்றோடு போய்விடும், மூலத்தில் எழுதினால் நிற்கும் என்பது உமது நியாயம். நான் அங்கே ஒரு கேள்வி எழுதி வைப்பேன். நீர் சம்மதம் என்றால் கீழே திகதியும் போட்டு Xk; என்று எழுதுவீர். எழுத்துரு இருந்தால் அது ஓம். உலகமே திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் விளங்குகிற கதை.

நீர் எல்லாவற்றிலும் சரி என்று நான் இப்போது எழுதினால் நீரே என்னைக் கிண்டல் பண்ணுவீர். கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காத்து வைக்கிற கருவியைப் பாவிக்கச் சொல்லி ஒரு வருடம் உமக்குப் பின்னால் திரிந்தேன். "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயர் வைத்துக் கோப்புகளைக் குவித்துக்கொண்டிருந்த ஆள் நீர். ஒரு நாள் நல்லதை அழித்துவிட்டுப் பழையதை வைத்துக்கொண்டு அழுத பிறகுதான் சம்மதித்தீர். நூறு திரை உள்ள கம்பனி வேலையை வெறுங்கையால் செய்ய ஏலாது என்பதையும் நீர் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் உம்மோடு சண்டைதான்.

ஆனால் புதுக் கருவி என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள் நான். கம்பனி வேலை கிடைத்ததும் அந்த நேரம் எல்லாரும் கொண்டாடிய பிரேம்வேர்க் என்ற ஆயத்த நிரல் தொகுதியை வைத்துச் சங்கத்துக்கு ஒரு போன் அப் செய்தேன். நகர்கிற அலை வரைபடம், அடிக்கிற மணி, எல்லாம் இருந்தது. அதைச் செய்ய நான் எழுதியது கொஞ்ச வரிகள். யார் யாரோ எழுதியதை இறக்கிக்கொண்டது மலையளவு. நீர் அதைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர். "வடிவா இருக்கு. இது நிண்டு போனா ஆர் திருத்துவாங்க? உள்ள பாக்கவும் ஏலாதே."

சங்கக் கூட்டத்தில் எதை வைத்துக்கொள்வது என்ற கதை வந்தபோது நான் எழுந்து சொன்னேன், "அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளையள் பழகிறதுக்குச் செய்யிறது மாதிரி. இனி அது சரிவராது." நாற்பது பேருக்கு முன்னால். உம்முடைய முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். நீர் பையை எடுத்துக்கொண்டு எழும்பினீர். "சரி, நீர் சொல்லும்" என்றீர். இரண்டாவது "நீர்" அதுதான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாம் கதைக்கவில்லை.

அப் என்ன ஆனது என்று உமக்குத் தெரியும். புதுப் போன்களில் திறக்க மறுத்தது. நான் இறக்கி வைத்த துண்டுகளில் ஒன்று மாற, அதைப் பிடித்து நின்ற ஐந்து துண்டுகள் பழுதாகிப்போயின. புதுப்பிக்கவில்லை என்று அப் கடையில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். அதைத் திருத்த நான் பாடுபட்டுக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் சம்மாட்டிமார் சத்தமில்லாமல் உம்முடைய பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அது அங்கேயே இருந்தது. சங்கம் வேண்டாம் என்ற பிறகும் நீர் ஒவ்வொரு காலையும் அந்த ஒரு வரியை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறீர்.

வெட்கத்தை விட்டு உமக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "பிழை என்னில. கூட்டத்தில அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தைத் திரும்பச் சேர்ந்து செய்வமா?" நீர் பார்த்துவிட்டீர் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மாட்டேன் என்பதைச் சொல்லாமல் சொல்கிறீர் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வேண்டும்தான் என்றும் நினைத்தேன். பதினோராம் நாள் அந்தோனி அண்ணன் போன் எடுத்து நீர் மோசம் போய்விட்டீர் என்றார். இரத்தத்தில் வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் இருந்ததே எனக்குத் தெரியாது.

நான் குறிஞ்சாக்கேணிக்கு வந்து சேர்ந்தபோது உம்மை அடக்கக் கொண்டு போய்விட்டார்கள். உம்முடைய உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் அந்த லெப்டொப்ப விடல்ல மகள். காத்து, காத்து எண்டு ஏதோ அடிச்சிக்கிட்டே இருந்த" என்றார். காற்றைப் பற்றி எழுத நேரம் இருந்தது, எனக்கு ஒரு சொல் எழுத நேரம் இல்லை. உம்முடைய மரண வீட்டில் இருந்துகொண்டு நான் நினைத்தது அதுதான். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. போன திங்கள் அந்தோனி அண்ணன் அந்தத் தாளைத் தந்த கையோடு சொன்னார், "தங்கச்சி, அவவின்ர பக்கம் அப்பிடியே நிக்குது. பொடியள் பழைய காத்தைப் பாத்துக் கடலுக்கு இறங்கினாலும் இறங்குவாங்கள். ஒண்டில் திருத்தும், இல்லாட்டி மூடும்." நியாயம். வீட்டுக்கு வந்து, மூடுவதற்கு என்றுதான் திறந்தேன். "வடகீழ்க் காற்று, சிறு படகு இறக்க வேண்டாம்" என்று நீர் கடைசியாக எழுதியது நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மூட முடியாது. மூலத்தைத் திறந்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. அதை எப்போதுமே யாரும் திறக்கலாம்.

காற்று வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது. நான் உமக்குச் செய்தி அனுப்பியதற்கு அடுத்த நாள் திகதி. Xk; என்று தொடங்கியிருந்தது. மிச்சத்தை மெல்ல மெல்ல வாசித்தேன்.

ஓம். சேர்ந்து செய்வம். சாவி தம்பிட்ட இருக்கு, கேளுங்க. அப்பில இருந்த அலை வரைபடம் நல்லம், அதை மட்டும் கொண்டு வாங்க.

முதலில் பார்த்தது சொல்லின் முடிவைத்தான். கேளும், வாரும் என்று இல்லை. கேளுங்க, வாங்க. கதிரையில் இருந்தபடியே அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் சட்டப்படி பதில் எழுத வேண்டிய இடத்தில் நீர் அடுத்த நாளே எழுதிவிட்டீர். சட்டத்தை மறந்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நீர் இன்னும் பத்து நாள் உயிரோடு இருந்தீர். அந்தப் பத்து நாளில் ஒரு தரம் திறந்து பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருப்பேன். அதற்கு எனக்கு ஆறுதல் இல்லை, தேடவும் இல்லை.

பக்கத்தை மாற்றுகிற கடவுச்சொல்லைக் கேட்க உம்முடைய தம்பிக்குப் போன் எடுத்தேன். நான் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை. "ராத்தா சொல்லிட்டுத்தான் போன, நீங்க கேப்பீங்க எண்டு. என்ன இவ்வளவு நாள்?" என்றார். அவர் சொன்ன சாவியை எழுதிக்கொண்டேன்.

அலை வரைபடத்தைக் கொண்டு வந்துவிட்டேன். யாருடைய துண்டையும் இறக்கவில்லை, உலாவிக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து, வெறும் தொகுப்பானில், நானே அடித்தேன். நான்கு நாள் போனது. கம்பனி வேலைக்கு இன்னும் பிரேம்வேர்க்தான், கோபிக்க வேண்டாம். ஆனால் இப்போது புதிதாக எதைத் தொட்டாலும் உம்முடைய கேள்வியை முதலில் கேட்கிறேன், இது நின்று போனால் யார் திருத்துவார்கள் என்று. இன்று காலை அந்தோனி அண்ணன் சொன்ன காற்றை ஏற்றினேன். தென்மேற்கு, இறக்கலாம்.

பக்கத்தில் இருக்கிற தமிழை எல்லாம் சரிபார்த்தேன். உம்முடைய குறிப்பை மட்டும் மாற்றவில்லை, அது அப்படியே இருக்கும். அதற்குக் கீழே இன்றைய திகதியைப் போட்டு நானும் Xk; என்று எழுதினேன். புள்ளி விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.