மூன்றைத் தாண்டக் கூடாது

நாள் 148. காலை 07:20
தொட்டி வெப்பநிலை 37. உற்பத்தி 212 மில்லிகிராம். வடிகட்டி மாற்றினேன். இடது மணிக்கட்டில் வீக்கம் குறைவு.

குறிப்பேட்டை என்றாவது ஒருவர் திறப்பார் என்கிறது விதிமுறை. திறப்பவரே, வணக்கம். நான் ஜெபசெல்வி, மருத்துவர். செவ்வாயைச் சுற்றும் இந்த ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான். கீழே குடியிருப்பில் ஆறு பெண்கள். எங்கள் ஏழு பேர் உடம்பிலும் காவல் காக்க வேண்டிய அணுக்கள் எங்களையே கடித்துக் குதறுகின்றன. எனக்கும் தவமணிக்கும் மூட்டுகளில், ஷரீபாவுக்குச் சிறுநீரகத்தில். கர்ப்பகாலத்தில் இந்த மூட்டுவலி பலருக்குத் தணியும். அப்போது சுரக்கும் ஒரு ஹார்மோனைத்தான் இந்தத் தொட்டியிலுள்ள உயிரணுக்கள் சுரக்கின்றன. எடையற்ற இடத்தில்தான் ஒழுங்காகச் சுரக்கும், அதனால் இந்தத் தனிமை. "ஒரு பிள்ளையப் பெத்துக்கோ, எல்லாம் சரியாயிரும்" என்று ஊரில் எனக்கு யோசனை சொல்லாத ஆள் இல்லை. பிள்ளை இல்லாமலே பெற்றுவிட்டோம், போங்கள்.

நாள் 171. மதியம் 13:05
இன்று முதல் தினமும் பத்துக்கு எத்தனை வலி என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். சராசரி மூன்றைத் தாண்டினால் பூமியிலுள்ள குழு சோதனையை நிறுத்திவிடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமாம். எங்கள் சராசரி நாலு.

நாலு! ஒன்பதிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறோம். தவமணி குடியிருப்பின் வெல்டர். நாலில் அவளால் வெல்டிங் கம்பியைப் பிடிக்க முடிகிறது. இந்த அருமை மூன்றென்று கோடு போட்ட மகராசனுக்கு எங்கே புரியும்?

கீழே செய்தி அனுப்பினேன்: "எல்லாரும் பூஜ்ஜியம் போடுங்க. நானும் போடுறேன்."

தவமணியின் பதில்: "இது என்ன பெரிய விஷயம் யக்கா? இருவது வருஷமா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான சொல்லிட்டுத் திரியிறோம்."

ஆமாம். வலிக்கிறது என்றால் சோம்பேறி, மனப்பிரமை, வேலைக்கு ஆகாது. இந்தப் பொய்யில் நாங்கள் ஏழு பேரும் தேர்ந்தவர்கள்.

நாள் 236. காலை 09:40
குழுத் தலைவர் நீலமேகத்திடமிருந்து: "அறுபது நாட்களாக ஏழு பேருக்கும் வலி இல்லை. முழு குணம். வாழ்த்துகள். மருந்து இனித் தேவையில்லை. இன்றே விநியோகம் நிற்கும். இன்றிலிருந்து பதினெட்டாம் நாள் தொட்டி நீராவியால் சுத்தம் செய்யப்பட்டு, பயிர்ப் புரத ஆய்வுக்கு மாற்றப்படும்."

மூன்று முறை படித்தேன். தொட்டியில் சுரப்பது போய்ச் சேரும் மருந்துப் பெட்டி பூமியிலிருந்தே பூட்டப்பட்டுவிட்டது. அடிப்பாவி ஜெபசெல்வி, என்ன காரியம் செய்துவைத்தாய்!

நாள் 237. காலை 08:15
மொத்தத்தையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். பொய் சொல்லச் சொன்னது நான், தண்டனை எனக்கு, மருந்தை நிறுத்தாதீர்கள். நாலு என்ற எண்ணை நாற்பது வரியில் விளக்கினேன்.

நாள் 238. மாலை 16:30
பதில்: "உங்கள் கடிதம் தரவுகளுக்கு முரணாக உள்ளது. ஹார்மோன் நின்றதும் மனம் அலைபாய்வது பெண்களுக்கு இயல்பே. நன்றாக ஓய்வெடுங்கள்."

கத்தினேன். இங்கே கத்தினால் காற்று வடிகட்டிதான் கேட்கும்.

நாள் 246. காலை 10:00
வலது கை விரல்கள் மடங்கவில்லை. வலி 7. படிவத்திலும் 7 என்றே போட்டேன். "பிழையான பதிவு, சரிபார்க்கவும்" என்று திரும்பி வந்தது.

ஷரீபா: "டாக்டரம்மா, காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. மூத்திரம் நுரையாப் போவுது. முந்தியே உங்ககிட்ட சொல்லியிருப்பேன், நீங்க வருத்தப்படுவீங்களேன்னு..."

என்னிடமுமா, ஷரீபா? சிறுநீரகம் போனால் மாற்றுவதற்குச் செவ்வாயில் யாரும் இல்லை. பூட்டைத் திறக்க வைத்துவிட்டால் இரண்டு வாரத்தில் அவளை மீட்டுவிடலாம். அதற்குள் தொட்டி செத்துவிடக் கூடாது. உயிரணுக்களை வெளியே எடுத்து ஒளித்துவைக்கவும் வழியில்லை. ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

நாள் 254. காலை 06:50
நீராவி 11 மணிக்கு. நிரலை நிறுத்த எனக்கு அனுமதி இல்லை. ஆனால் நீராவிக் குழாயில் கையால் திருகும் ஒரு வால்வு இருக்கிறது. சுருள்வில் வைத்தது. மூடிப் பிடித்தால்தான் மூடியிருக்கும், விட்டால் திறந்துகொள்ளும். ஆறு மணி நேரம் அழுத்தம் ஏறாவிட்டால் நிரல் தானே கைவிட்டு, பூமியிலிருந்து ஆய்வு கோரும். ஆய்வு முடியும்வரை தொட்டிக்கு ஆபத்தில்லை; படிவத்தை அல்ல, எங்களையே மனிதர்கள் பார்ப்பார்கள்.

ஆறு மணி நேரம். இந்தக் கையை வைத்துக்கொண்டு.

நாள் 254. காலை 11:25 (குரல் பதிவு)
மூடிவிட்டேன். விரலால் முடியவில்லை, முழங்கையைக் கொடுத்துத் திருகினேன். வால்வுச் சக்கரத்தை நேரே கட்டிவைக்கச் சுவர்க் கம்பிவரை பெல்ட் எட்டவில்லை. அதனால் கையைச் சக்கரத்தோடு கட்டி, மயங்கினாலும் நழுவாதபடி காலைக் கம்பியில் செருகியிருக்கிறேன். வில்லின் இழுப்பு முழுக்க மணிக்கட்டில். குழாய் சுடுகிறது. வலி பத்து. பத்துக்கு மேலே போட இடமில்லையே, பாவிகளா.

நாள் 254. மதியம் 14:10 (குரல் பதிவு)
தவமணி பேசினாள்: "யக்கா, ஆறு பேரும் உள்ளத உள்ளபடி எழுதி அனுப்பிட்டோம். ஷரீபாவ ஒக்கார வச்சு எழுத வச்சேன். கைய விட்றாதீங்க யக்கா. விட்றாதீங்க."

விடவில்லையடி. கட்டியல்லவா வைத்திருக்கிறேன். தோல் உரிந்து... பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன்.

நாள் 254. மாலை 16:20 (குரல் பதிவு)
இன்னும் நாற்பது... மயக்கம் வருகிறது. திறப்பவரே, எங்கள் படிவங்களை நம்பாதீர்கள். நாங்கள் நன்றாகப் பொய் சொல்வோம். எங்களிடம் நேரில் வந்து கேளுங்கள். ரெண்டு தரம் கே

நாள் 254. மாலை 17:00 (தானியங்கிப் பதிவு)
சுத்திகரிப்பு கைவிடப்பட்டது. தொட்டி வெப்பநிலை 37. உயிரணுக்கள் நலம்.
ஆய்வுக் கோரிக்கை பூமிக்கு அனுப்பப்பட்டது.
மருத்துவர் ஜெபசெல்வி: மூன்று அழைப்புகளுக்கும் பதில் இல்லை.
இன்றைய வலி அளவு: நிரப்பப்படவில்லை. விதிப்படி பூஜ்ஜியமாகக் கொள்ளப்பட்டது.