ஆறு பாக்கெட் வைத்த கோட்டு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

நானும் மகளும் நலம். மலை உச்சியில் பனிக்கட்டியைத் துளைத்து ஆராய்ந்துகொண்டிருக்கும் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பார்சலைப் பிரித்ததும் கோட்டைத்தான் எடுப்பாய். அதைப் போட்டுப் பார்க்கும் முன் இதைப் படித்துவிடு.

ஆராய்ச்சி நிலையத்தில் கொடுத்த கோட்டின் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது, ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறவன் பெண்டாட்டி, யாரோ ஓர் ஆறடி ஆளுக்குத் தைத்த கோட்டில் நடமாடுவதா? பனி மாதிரி வைக்கும் குழாய் இரண்டு கைநழுவி உடைந்ததற்கு, உன் பேரில் கவனக்குறைவு என்று வேறு எழுதி வைத்தார்களாம். அந்தக் கோட்டை வாங்கியவர் பேரில் எழுதியிருக்க வேண்டும். நான் தைத்த கோட்டில் கை மணிக்கட்டோடு நிற்கும். ஆறு பாக்கெட் வைத்திருக்கிறேன். உன் பழைய அளவுக்கே வெட்டினேன். இளைத்திருந்தால் அது உன் தப்பு.

மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. பின்னல் இப்போது நேராக வருகிறது. நீ போன முதல் வாரம் யார் பின்னிவிட்டது என்று டீச்சர் கேட்டாராம். "எங்கப்பா டெய்லரு, தலைக்குப் புதுசு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உன் வாய் அப்படியே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. உன்னைக் குழுத் தலைவியாக்கி இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் இருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை. பயப்படாதே, மேலே படி.

உன்னிடம் மறைக்க மாட்டேன். இரண்டு வருஷம் என்று படித்ததும், முடியாது என்று எழுதிவிட ஒரு நிமிஷம் கை துறுதுறுத்தது. நீ இத்தனை வருஷம் கண் விழித்துப் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு நிமிஷம் என் பேனா முனையில் இருந்தது. எனக்கே பயமாகிவிட்டது. பேனாவை மூடினேன், கடையைச் சாத்தினேன், நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

போன தடவை தலைவராகப் போனவருடைய வீட்டுக்கும் இந்தப் படிவம் போனதா என்று எழுத்தரிடம் கேட்டேன். "அவரு ஆம்பளைங்க, அவருக்கு எதுக்கு?" என்றார். அப்போ எங்க வீட்டம்மாவுக்கு எதுக்கு என்றேன். அவர் கோப்பைப் புரட்டினார், மின்விசிறியைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் அதிகாரி அம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மா விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை தேடினார். அப்படியொரு விதியே இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ அடித்து வைத்த தாளை அப்படியே அனுப்பி வந்திருக்கிறார்கள். "எங்க வீட்டுக்காரரும் இதுல கையெழுத்துப் போட்டிருக்காரு. ஏன்னு கேக்கணும்னு எனக்கே தோணல" என்றார். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆண்களுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். உன் பேரில் இருந்த கவனக்குறைவையும் சொன்னேன். கோட்டின் அளவுதான் காரணம் என்று குறித்துக்கொண்டார்.

அந்தப் படிவம் கோட்டின் உள்பாக்கெட்டில் இருக்கிறது, இடது பக்கம். ஊசி குத்தியிருக்கிறேன், பார்த்து எடு. அதில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். போடுவதும் போடாததும் உன் இஷ்டம். நாங்கள் இருவரும் சமாளித்துக்கொள்வோம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கோட்டின் தையலோரத்தில் இரண்டு விரல் துணி கூடுதலாக மடித்து விட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் நீ சதை போட்டாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் டெய்லர்