விற்ற குன்றில் எனக்கொரு மேடு

அன்பு மகன் மன்சிக்குக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே மூச்சுக்கும் பசிக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், ஹவாய்க் கரும்புத் தோட்டத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, கோபத்தில் எழுதுவதால் வரிகள் குடித்தவன் போலச் சாய்கின்றன, குடிக்கவில்லை என்பதற்கு அம்மா சாட்சி.

உன் பெரியப்பா பியோங்ஹோ நம் குன்றை விற்றுவிட்டார். உன் தாத்தா படுத்திருக்கும் அதே குன்றுதான். ரயில் பாதை வந்ததிலிருந்து ஸ்டேஷனைச் சுற்றி ஜப்பான்காரர்கள் நம் நாட்டுக்குள் வந்து குடியேறி வயலும் தோப்புமாக வாங்கிக் குவிக்கிறார்கள் என்று போன கடிதத்தில் யார் வீட்டுச் சேதியோ போல எழுதியிருந்தேன், இப்போது நம் தலையிலேயே விடிந்திருக்கிறது. குன்று மூத்த வீட்டின் பெயரில் இருந்தாலும் மூன்று வீட்டுக்கும் பொது என்பது ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். இரண்டாம் வீடான நம்மிடமும் கேட்கவில்லை, மூன்றாம் வீட்டிடமும் கேட்கவில்லை. சுள்ளி பொறுக்கப் போன உன் அம்மாவை எவனோ ஒரு புது ஆள் கம்பைக் காட்டி விரட்டிய பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் புதுப் புகைக்குழலை இழுத்துக்கொண்டு, "ஏன்டா தல்சூ குதிக்கிற, மண்ணைத்தான் வித்தேன், சமாதியையா வித்தேன்? குன்று யார் கைக்குப் போனாலும் சமாதி அந்தந்த வீட்டோடதுதானே" என்றார். அதில் நியாயம் இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நம் பக்கத்தில் குன்று எத்தனை கை மாறினாலும் அடுத்தவன் புதைமேட்டில் யாரும் மண்வெட்டி வைத்ததில்லை. ஆனால் வாங்கினவன் நம் பக்கத்து ஆளா? மோரிகாவா என்று பெயர், துபாஷி ஒருவனை வைத்து அவன் பாஷையில் கேட்டேன். பீச் மரம் வைக்கப் போகிறானாம், வசந்தத்துக்குள் எலும்பை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டுமாம், இல்லாவிட்டால் அவனே எடுத்து ஓரமாக வைப்பானாம். குனிந்து வணங்கிவிட்டுத்தான் சொன்னான். பதிலுக்கு நானும் குனிந்தேன் பார், அந்த முதுகை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். கத்தி முடியும்வரை பொறுத்திருந்து உன் அம்மா பார்லிச் சோற்றை முன்னால் வைத்து, அடுப்பைப் பார்த்துக் கத்தினால் குன்று திரும்பி வந்துவிடுமா என்றாள். சாப்பிடும்போதுதான் தோன்றியது, அறுபதை நெருங்குகிறவன் தனக்கு வேண்டிய சமாதி மேட்டை முன்கூட்டியே போட்டு வைப்பது நம் வழக்கம்தானே. காலையில் ஊர் பார்க்க மண்வெட்டியோடு ஏறினேன். தோட்டத்துக்கு வண்டிப்பாதை வெட்ட மோரிகாவா குச்சி நட்டிருந்த இடத்தில், சரியாக நட்டநடுவில், உன் தாத்தாவின் காலடியில் எனக்கு ஒரு மேடு எழுப்பினேன். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டு மல்லாந்துவிட்டேன், கீழே போனவர்கள் ஆள் அவசரப்பட்டுவிட்டான் என்று நினைத்திருப்பார்கள். மீதியை அம்மா வந்து முடித்தாள். "உசிரோட இருக்கறப்ப ஒரு வேலைக்கும் ஆகல, செத்தாவது ஒரு இடத்தைக் காவல் காக்கட்டும் இந்த மனுஷன்" என்று சொல்லிச் சொல்லி மண்ணைத் தட்டினாள்.

பாதை வெட்ட வந்த கூலிக்காரர்கள் பக்கத்து ஊர் ஆட்கள், மேட்டைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். உள்ளே யாருமில்லை என்று மேஸ்திரி கத்தினான். நீங்க உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் வெட்டறோம் என்றான் அவர்களில் ஒருவன். அவன் வயிறு குளிரட்டும். பிறகு போலீஸ்காரன் வந்து யாருடைய சமாதி என்றான். என்னுடையது என்றேன். நீ உயிரோடு இருக்கிறாயே என்றான். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கன்னத்தில் அறைந்தான், தொப்பி பள்ளத்தில் போய் விழுந்தது, பெரியப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தமாஷாக எழுத எனக்கு வரவில்லை மகனே.

எல்லா வீட்டு வாரிசும் சம்மதம் கொடுத்தால்தான் தாத்தா சமாதியிலும் என் மேட்டிலும் கை வைக்கலாம் என்று இப்போது பேச்சு. மூன்றாம் வீட்டுக்காரன் பயந்துபோய்க் கைநாட்டு வைத்துவிட்டான். நான் மாட்டேன் என்றதும் பெரியப்பா, "நீ நாளைக்கே அந்த மேட்டுக்குள்ள போயிடுவ, உன் மவன் நாலு எழுத்துப் படிச்சவன், கடல் தாண்டினவன், அவன் புரிஞ்சுக்குவான்" என்று சொல்லி உனக்கே சம்மதக் காகிதத்தை அனுப்பிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்னோ பின்னோ அது வந்து சேரும். நீ கப்பல் ஏறும்போது உதவினவர் அவர்தான், அதை மறக்கச் சொல்லவில்லை. புத்தாண்டுக்கு வணக்கம் எழுது, அவர் இருமலை விசாரி, அந்தக் காகிதத்தில் கையெழுத்து மட்டும் போடாதே. நீ திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை, அங்கேயே பெண் பார்த்துக் குடித்தனம் வைத்தாலும் வை. வருகிற அன்றைக்கு, என் தாத்தா எங்கே இருந்தார் என்று அந்த ஆளின் தோட்டக்காரனைக் கேட்டுக்கொண்டு நீ நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெயிலில் தலையை மூடிக்கொள். அங்கே தோட்டத்து மேஸ்திரியிடம் வாய் கொடுக்காதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது, கொஞ்சம் அடக்கு. உப்பிட்ட முள்ளங்கி அனுப்ப வழியில்லையே என்று அம்மா புலம்புகிறாள். முன்னோர் துணையில் உன் கைகாலுக்கு ஒரு நோவும் வராமல் இருக்கட்டும். சம்மதமில்லை என்று உன் கையால் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. அதை மோரிகாவா வீட்டு வாசலில் நின்று, பெரியப்பாவையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, நானே உரக்கப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா தல்சூ