ஐந்து அதிகாரிகள் கையில் ஒரே கடவுச்சொல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை
(தங்கள் அலுவலகச் செயலரின் அக்காள்)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்

பொருள்: கூட்ட நேரத்தை மாற்றியதாக என் தங்கைக்குத் தரப்பட்ட குறிப்பாணையை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கை இருபத்தாறு ஆண்டுகளாகத் தங்கள் அலுவலகத்தில் செயலர். முன்பு ஓர் அதிகாரிக்கு ஒரு செயலர். அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்வாள். கடிதத்தின் இடது கீழ் மூலையில் சொன்னவர், தட்டச்சு செய்தவர் இருவரின் முதலெழுத்துகளும் இருக்கும். பிழை யாருடையது என்று அந்த மூலையே சொல்லிவிடும்.

2. இப்போது அவள் ஒருங்கிணைப்பாளர். ஐந்து அதிகாரிகளின் கணினி நாட்குறிப்பும் அவள் பொறுப்பு. அவசரத்துக்கு என்று ஐவரும் அவளுடைய கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "மேலதிகாரி கேட்டா முடியாதுன்னு சொல்ல முடியுமாக்கா?" என்கிறாள்.

3. சென்ற மாதம் பத்தாம் தேதி காலைக் கூட்டம் மாலைக்கு மாற்றப்பட்டது. வெளியூரிலிருந்து வந்த பதினான்கு பேர் ஐந்து மணி நேரம் நடைவழியில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி தேடிப் போட்டவளும், திட்டு வாங்கியவளும் அவள்தான். கணினிப் பதிவில் மாற்றியவர் என்று அவள் பெயர். ஆனால் மாற்றம் நடந்த அன்று காலை ஏழு இருபதுக்கு அவள் என்னோடு கண் மருத்துவமனை வரிசையில் நின்றாள். கையில் இருந்தது பழைய பொத்தான் போன். மருத்துவமனைச் சீட்டை இணைத்துள்ளேன்.

4. முப்பத்தோரு ஆண்டுகள் வகுப்பெடுத்தவள் நான். ஒரே சாக்பீஸால் ஐந்து பேர் கணக்குப் போட்டால், விடை தப்பென்று சாக்பீஸை முட்டி போட வைத்ததில்லை.

5. குறிப்பாணைக்கு விளக்கப் பதில் தர நாளை மறுநாள் கடைசி. தராவிட்டால் பணிப்பதிவேட்டில் தண்டனை ஏறும். ஓய்வுக்கு எட்டு மாதமே இருக்கிறது. நேரத்தை மாற்றியவர், தான்தான் மாற்றியதாக அன்று அலுவலகம் வந்ததும் அவளிடமே சொல்லியிருக்கிறார். அவர் பெயரை என்னிடம்கூட அவள் சொல்லவில்லை. "இத்தனை வருஷம் அவருக்காக எழுதிட்டு, இப்ப அவரைப் பத்தி எழுதவாக்கா?" நான்கு நாட்களாக வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதியவளுக்குத் தனக்கென்று ஒரு வரி வரவில்லை.

பழைய முறை திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கவும் கேட்கவில்லை. அன்று காலை எந்தக் கருவியிலிருந்து நேரம் மாற்றப்பட்டது என்று கணினிப் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அவள் பதிவேட்டில் எதையும் ஏற்றாமல் இருக்கும்படி வேண்டுகிறேன்.

பொறுமையாகப் படித்தமைக்கு நன்றி.

நாள்: மூன்றாம் தேதி, வியாழன்
இடம்: என் இல்லம்

(கையொப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை

சொன்னவர்: நான்.
எழுதியவர்: நான்.