இரவல் ஸ்பீக்கரும் கடைசி வரிசையும்

ஜூலை 3, வியாழன்

தலைமை ஆசிரியர் கூப்பிட்டுவிட்டார். ஆண்டு விழாவுக்குள் மேடைக்கு வேண்டிய சாமான்களை யாரிடமாவது கேட்டு வாங்கிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் பாட்டு வகுப்பின் நேரம் கணக்குக்குப் போய்விடும். "போன வருஷம் பின்னாடி உக்காந்தவங்களுக்கு ஒண்ணுமே கேக்கல டீச்சர். நீங்க கத்துக்குடுக்கறது யாருக்குத் தெரியுது?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகு ஆயிரம் பதில் வருகிறது.

இருப்பது பிளாஸ்திரி ஒட்டிய ஒரு மைக். ஒரு ஸ்பீக்கர், அதற்கும் இருமல். போன வருஷம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் விழுந்ததிலிருந்து பிள்ளைகளை மேலே ஏற்றவும் கூடாது. எல்லோரும் தரையில்தான்.

ஜூலை 7, திங்கள்

நான் உதவி கேட்டிருந்த டைல்ஸ் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார்! இதே பள்ளியில் படித்தவர். பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வாராம்.

பயிற்சியில் கடைசி வரிசைக் குட்டைப் பெண் இன்றும் பின்தங்கினாள். கனத்த குரல்களைக் கடைசி வரிசையில் நிறுத்துவது என் வழக்கம், முன்னால் நின்றால் மற்றவர்களை விழுங்கிவிடும். குரலென்னவோ தேன்தான். ஆனால் எல்லோரும் முடித்த பிறகு இவள் மட்டும் தனியாக நீள்வாள். அதனால்தான் அவளுக்கு "வாலு" என்று பெயர். "கவனம் எங்க இருக்கு வாலு?" என்று கத்தினேன்.

ஜூலை 10, வியாழன்

நாத்தனார் வீட்டுக்காரர் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். "ஒரு நாளைக்குத்தானே தங்கச்சி, எல்லாத்தையும் கொண்டாந்து கட்டிடறேன்" என்றார். மைக், ஸ்பீக்கர், விளக்கு எல்லாம். நம் இருமல்காரனைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். வருகிறவர் கண்ணில் பட்டால் மானம் போய்விடும்.

ஜூலை 11, வெள்ளி

பிரமாதமாகப் பாடினார்கள். அதுதான் வினை.

"எல்லாமே இருக்கே டீச்சர்! என் கடையிலகூட இப்படி விளக்கு கிடையாது. விளையாட்டு சார் பாவம், அவருக்கு ஏதாவது பண்றேன்" என்றார் கடைக்காரர். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். இரவல் என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை?

வீட்டில் இவர், "இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதைதான் உன்னுது" என்றார். சும்மா இருங்களேன்! எனக்கே தெரியாதா? இப்போ அந்த இருமலும் இல்ல.

ஜூலை 12, சனி

ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

கடைக்கே போய்விட்டேன். "அன்னிக்குப் பாத்தது எதுவுமே எங்களுது இல்ல சார்" என்று உடைத்துச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

"அப்போ நான் எதை நம்பறது டீச்சர்?"

"சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வாங்க. தரையில நின்னு பாடறதைக் கேளுங்க."

பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

ஜூலை 22, செவ்வாய்

ஒரு வாரமாக வாசலையே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. இன்று வந்தார். பாதிப் பாட்டில் எழுந்து, வரிசைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வால் வழக்கம்போல நீண்டது.

"நீ எதைப் பாத்தும்மா பாடற?" என்று அவளைக் கேட்டார்.

"முன்னாடி நிக்கற அக்கா தோளை சார். மூச்சு இழுத்தா தோள் ஏறும். அப்புறம் நான் ஆரம்பிப்பேன்."

"டீச்சர் கையைப் பாக்க மாட்டியா?"

"பின்னாடியிருந்து டீச்சரே தெரிய மாட்டாங்களே சார்."

அவளைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது யார்? நான். கத்தியதும் நான். கடைக்காரர் மணியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஜூலை 30, புதன்

பதில் இல்லை. கணக்கு சார் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். என் நேரம் அவருக்குத்தான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் ஒரு வண்டி வந்தது. மூன்று அடுக்கு மேடைப்படி, இழைத்த மரம், ஓரத்தில் பிடிமானக் கம்பி. மைக்கும் ஸ்பீக்கரும் அடுத்த வாரமாம். "பின்னாடி நிக்கற பாப்பாவை முதல்ல ஏத்திப் பாக்கச் சொன்னாரு" என்றார் வண்டிக்காரர்.

ஏற்றினேன். கையை உயர்த்தினேன். எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள், ஒன்றாக முடித்தார்கள்.

இறங்கி வந்தவள் என்னிடம் கேட்டாள்: "நாங்க பாடறப்ப எப்பவுமே நீங்க சிரிப்பீங்களா டீச்சர்?"