வளைவில் நின்ற ரயில்

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் சுகம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? பரணில் கிடந்த நம் பொம்மை ரயிலை இறக்கிவிட்டேன். இருபது வருடத் தூசி. தும்மித் தும்மி மூக்கு தக்காளியாகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் தண்டவாளத்தை நீள்வட்டமாகப் பூட்டி, எஞ்சினை வைத்து, கரன்ட் கொடுக்கிற கன்ட்ரோலரைத் திருகினேன். "ம்ம்ம்" என்று முனகியதே தவிர நகரவில்லை. தள்ளிவிட்டால் இரண்டங்குலம் போய் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம், சொல். ஃபோனில் கேட்டால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம்.

உன் தங்கை,
வாலு

மார்ச் 15

அன்புள்ள வாலு,

முதலில் கையை எடு. எட்டு வயதில் உனக்குச் சொன்னதுதான் இப்போதும்: நீ தொட்டால் உடையும். நீ பல் டாக்டர். பிடுங்குகிற கைக்கு ரயில் எதற்கு? எஞ்சினைத் திறக்கவே திறக்காதே. தண்டவாளத்திலும் சக்கரத்திலும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. நான் எப்போதும் அதைத்தானே செய்வேன்.

அதற்கும் மசியவில்லை என்றால் பொட்டலம் கட்டி எனக்கு அனுப்பிவிடு. இங்கே மாடியறையில் அதற்கென்றே பலகை அடித்து வைத்திருக்கிறேன். ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்?

இந்த வருடமும் வர முடியாது போலிருக்கிறது. பாலத்து வேலை கழுத்தை நெரிக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

எண்ணெய் விட்டேன். இருந்த முனகலும் நின்றுபோயிற்று. வாழ்க உன் வைத்தியம்! தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்குக் கரன்ட் போகிறது. அதன்மேல் எண்ணெய் பூசினால் எப்படிப் போகும்? பாலம் கட்டுகிற இன்ஜினியருக்கு இது தெரியாதா? கிளினிக்கிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துவந்து எல்லாவற்றையும் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது. முனகல் திரும்பியது.

பிறகு எஞ்சினைத் திறந்தேன். ஆமாம், திறந்தேன். கத்து, எனக்குக் கேட்காது. அந்தக் காலத்தில் நீ ஊற்றிய தலையெண்ணெய் பல்சக்கரங்களுக்கு நடுவே மெழுகாக இறுகிக் கிடக்கிறது. பல்லில் காரை எடுப்பதுதானே என் பிழைப்பு? கொக்கி ஊசியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினேன். பழக்கதோஷத்தில் "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். என் உதவியாளர், "டாக்டர், கொப்புளிக்கச் சொல்லட்டுமா?" என்கிறார்.

ஒரு பந்தயம். தள்ளிவிடாமல் முழு வட்டம் ஓடினால் ரயில் இங்கேயே இருக்கும். ஓடாவிட்டால் நானே பொட்டலம் கட்டி அனுப்புகிறேன். சம்மதமா?

வாலு

ஏப்ரல் 13

வாலு,

திறந்தேவிட்டாயா! படித்துவிட்டு அரைமணி நேரம் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். உன் அண்ணி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டாள்.

பந்தயத்துக்குச் சம்மதம். தோற்கப்போகிறாய் என்பதால் ஒரு உதவி: மோட்டாரில் கரன்ட் கடத்துகிற இரண்டு சின்னக் கரித்துண்டுகள் இருக்கும். அவற்றையும் துடைக்க வேண்டும். பின்னால் இருக்கிற ஸ்ப்ரிங் துள்ளி ஓடும், கையால் மூடிக்கொண்டு கழற்று. அப்புறம் அந்தக் கோடி வளைவு. என் காலத்திலேயே அங்கே மக்கர் பண்ணும். நல்ல அட்டைப்பெட்டியாகப் பார்த்து வாங்கி வை.

அண்ணன்

மே 1

அன்புள்ள அண்ணா,

அட்டைப்பெட்டியை நீயே வைத்துக்கொள்!

கையால் மூடிக்கொண்டும் ஸ்ப்ரிங் துள்ளி ஓடியது. நானும் உதவியாளரும் ஃப்ரிட்ஜுக்கு அடியில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் என் கொண்டையில் இருந்தது. எல்லாவற்றையும் துடைத்து மாட்டினேன். ஓடியது, ஆனால் பின்பக்கமாக! ஒயரை மாற்றி வைத்துவிட்டேன் போல. திருப்பி மாட்டினேன். ஜம்மென்று கிளம்பிப் போய் அந்த வளைவில் நின்றது. பத்துத் தடவை விட்டேன், பத்துத் தடவையும் அதே இடம். அப்போதுதான் உறைத்தது, குற்றம் எஞ்சினில் இல்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கிற சின்னத் தகடு அங்கே தளர்ந்திருக்கிறது. பல் கம்பி முறுக்குகிற குறடால் ஒரு அழுத்து அழுத்தினேன்.

போயிற்று அண்ணா! வளைவைத் தாண்டி முழு வட்டம். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. நான் போட்ட கூச்சலில் முன்னறைக் கிளினிக்கில் காத்திருந்த பெரியவர் வாயில் பஞ்சோடு ஓடிவந்து கைதட்டினார்.

ஜெயித்தது நான். அதனால் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயில்மேல் இருக்கிற ஆசையால் மட்டும் நான் இத்தனை பாடுபடவில்லை. ஆறு வருடமாக நீ வரவில்லை. அம்மா அப்பாவும் போய்விட்டார்கள். இந்த வீட்டில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதுவும் அங்கே போய்விட்டால் நீ இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே மாட்டாய் என்று பயமாக இருந்தது.

வீடியோ கீடியோ எல்லாம் கிடையாது. பார்க்க வேண்டுமானால் வா.

வாலு

மே 12

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். "ஆறு வருடமாக" என்ற இடத்துக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை, நான் வாங்கிப் படித்தேன். என்னாலும் முடியவில்லை.

மாடியறைப் பலகையைப் பிரித்தாயிற்று. உன் அண்ணி அதில் செருப்பு அடுக்குகிறாள். லீவு கேட்டேன். "நீங்க இல்லாம பாலம் என்னாவது?" என்றார் மேலதிகாரி. நான் இல்லாவிட்டால் நிற்காது என்றால் அது என்ன பாலம் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் இரண்டு பேரும் வருகிறோம். இரண்டு வாரம் இருப்போம். கன்ட்ரோலர் உன் கையிலேயே இருக்கட்டும். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உன்னிடம் தோற்ற,
அண்ணன்